பம்பு எவ்வளவு தண்ணீர் தரும்? இரண்டு வளைகோடுகள் வெட்டும் புள்ளியை எக்செல்லில் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்கு மோட்டார் எடுக்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி. போடலாமுங்க?" என்றுதான். கடைக்காரர் கிணற்று ஆழம் கேட்பார், பைப் எவ்வளவு தூரம் போகுது என்பார், ஒரு மாடலை எடுத்து வைப்பார். அனுபவசாலி என்றால் பெரும்பாலும் சரியாகவே சொல்வார். ஆனாலும் அந்தப் பம்பு நம் கிணற்றில், நம் பைப்பில் நொடிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்ற எண்ணை யாரும் சொல்ல மாட்டார்கள். எச்.பி.யை மட்டும் வைத்து அதைச் சொல்லவும் முடியாது. இரண்டு வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியில்தான் அந்த எண் இருக்கிறது. பம்பு வாங்கும் முன்பே, வீட்டுக் கணினியில் அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தானே, இவ்வளவு கணக்கு எதற்கு என்று தோன்றலாம். மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் தென்னைக்கும் மஞ்சளுக்கும் தண்ணீர் பாய்ந்து முடிய வேண்டும். அதற்கு நொடிக்கு எத்தனை லிட்டர் என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

எந்த இரண்டு கோடுகள்?

முதல் கோடு பம்பினுடையது. எந்தப் பம்பும் குறைந்த உயரத்துக்கு நிறையத் தண்ணீரும், அதிக உயரத்துக்குக் கொஞ்சத் தண்ணீரும் தள்ளும். படுக்கைக் கோட்டில் தண்ணீரின் அளவையும், நிமிர்ந்த கோட்டில் ஹெட்டையும் (பம்பு தண்ணீரைத் தள்ளும் உயரம், மீட்டரில்) வைத்து வரைந்தால் இடமிருந்து வலமாக இறங்கும் வளைகோடு கிடைக்கும்.

இரண்டாவது கோடு நம் தோட்டத்தினுடையது. தண்ணீரை மேலே ஏற்ற ஒரு உயரம் வேண்டும், அது மாறாதது. அதற்கு மேல், பைப்புக்குள் தண்ணீர் உராய்ந்து ஓடுவதால் ஒரு இழப்பு. தண்ணீர் வேகமாகப் போகப் போக இது விறுவிறுவென்று ஏறும். இரண்டையும் கூட்டினால் இடமிருந்து வலமாக ஏறும் வளைகோடு. பம்பு தரக்கூடிய ஹெட்டும் தோட்டம் கேட்கும் ஹெட்டும் சமமாகும் இடத்தில்தான் பம்பு ஓடும். ஸ்டார்ட்டரைத் தட்டிய கொஞ்ச நேரத்தில் பம்பு தானாகவே அந்தப் புள்ளிக்கு வந்து நின்றுகொள்ளும்.

எண்களைச் சேகரிப்பது

பம்பின் எண்கள் கம்பெனி கேட்டலாக்கில் இருக்கும். அதில் மேல் வரிசையில் மொத்த ஹெட் மீட்டரில் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு மாடலும் தரும் தண்ணீர் இருக்கும். நமக்கு வேண்டியது அதைத் திருப்பி எழுதியது: முதலில் தண்ணீர், அடுத்து ஹெட். அலகையும் பாருங்கள். சிலர் நிமிடத்துக்கு லிட்டர் போடுவார்கள், சிலர் மணிக்கு லிட்டர். எல்லாவற்றையும் நொடிக்கு லிட்டராக மாற்றுங்கள்: முன்னதை 60-ஆல் வகுக்க வேண்டும், பின்னதை 3600-ஆல்.

தோட்டத்தின் எண்களுக்கு டேப்பும் கயிறும் போதும். கிணற்று நீர்மட்டத்தை மோட்டார் ஓடும்போது அளக்க வேண்டும், நிறுத்தி வைத்திருக்கும்போது அளந்தால் கணக்கு ஏமாற்றும். அந்த மட்டத்திலிருந்து தண்ணீர் விழும் வாய் வரைக்கும் எவ்வளவு உயரம் என்பதுதான் நிலையான ஹெட். சொட்டுநீர் போட்டிருந்தால் லேட்டரலுக்கு (வரிசையாகப் போகும் சொட்டுநீர்க் குழாய்) வேண்டிய அழுத்தத்தையும் சேருங்கள். ஒரு கிலோ அழுத்தம் என்பது சுமார் 10 மீட்டர் ஹெட்.

பைப்பில் கவனமாக இருங்கள். 75 மி.மீ. பிவிசி என்று கடையில் கேட்டு வாங்குவது வெளிவிட்டம். தண்ணீர் ஓடுவது உள்விட்டத்தில். தடித்த ரகத்தில் அது 68 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். உராய்வுக் கணக்கில் விட்டம் 4.87 அடுக்கில் வருகிறது. அதனால் இந்த 7 மி.மீ. சின்ன விஷயமே இல்லை. வெட்டிப்போட்ட துண்டு ஒன்று இருந்தால் வெர்னியரை உள்ளே விட்டு அளந்துவிடுங்கள்.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளும் தோட்டம்: நீர்மட்டம் 18 மீட்டர் ஆழத்தில், தொட்டி வாய் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், ஆக நிலையான ஹெட் 22. பைப் நீளம் மொத்தம் 150 மீட்டர், உள்விட்டம் 68 மி.மீ. பம்பின் எண்களைச் சரிபார்க்க எளிதாக இருக்கட்டும் என்று ஒழுங்கானதாக வைத்திருக்கிறேன். உங்கள் கேட்டலாக் எண்கள் இவ்வளவு நேர்த்தியாக இருக்காது.

தாளை அமைப்பது

கீழே ஏ, பி, சி என்றும் இஃப், லைன்எஸ்ட் என்றும் எழுதியிருப்பதையெல்லாம் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் மூன்றிலும் இது வேலை செய்யும்.

பி1-இல் நிலையான ஹெட் 22, பி2-இல் நீளம் 150, பி3-இல் பைப்பின் வழவழப்பு எண் 140, பி4-இல் உள்விட்டம் மீட்டரில் 0.068. இந்த 140, பைப்பின் உராய்வு இழப்பைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்துக்கு உரியது. பிவிசிக்கு 140 முதல் 150 வரை போடுவார்கள், பழைய இரும்புப் பைப்புக்கு 100 பக்கம் வரும். நான்கு எண்களையும் தனிக் கட்டங்களில் வைத்தே ஆக வேண்டும். சூத்திரத்துக்குள்ளேயே எண்ணை எழுதிவிட்டால், நாளைக்கு நீர்மட்டம் இறங்கினால் ஒவ்வொரு கட்டமாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

6-ஆம் வரிசையில் தலைப்புகள். 7 முதல் 12 வரை ஏ நெடுவரிசையில் தண்ணீர்: 0, 2, 4, 6, 8, 10. பி-யில் அதன் வர்க்கம், அதாவது =ஏ7^2. சி-யில் கேட்டலாக் ஹெட். டி-யில் தோட்டம் கேட்கும் ஹெட்:

=$பி$1+10.67*$பி$2*(ஏ7/1000)^1.852/($பி$3^1.852*$பி$4^4.87)

டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். கீழே இழுக்கும்போது உள்ளீட்டுக் கட்டங்கள் நகராமல் பிடித்து வைப்பவை அவைதான். ஈ-யில் இரண்டுக்கும் வித்தியாசம், =சி7-டி7. எல்லாம் சரியாக வந்திருந்தால் தாள் இப்படி இருக்கும்:

| தண்ணீர் (நொடிக்கு லிட்டர்) | வர்க்கம் | பம்பு ஹெட் (மீ) | தோட்ட ஹெட் (மீ) | வித்தியாசம் |
|---|---|---|---|---|
| 0 | 0 | 40 | 22.00 | 18.00 |
| 2 | 4 | 39 | 22.83 | 16.17 |
| 4 | 16 | 36 | 24.98 | 11.02 |
| 6 | 36 | 31 | 28.32 | 2.68 |
| 8 | 64 | 24 | 32.76 | −8.76 |
| 10 | 100 | 15 | 38.27 | −23.27 |

ஈ நெடுவரிசையை மேலிருந்து கீழே பாருங்கள். 6 லிட்டரில் கூட்டல் எண், 8 லிட்டரில் கழித்தல் எண். குறி மாறும் இடத்தில் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. இனி வரும் எல்லா வழிகளுக்கும் இந்த ஒரு நெடுவரிசைதான் அடிப்படை: இரண்டு கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்ற கேள்வியை, வித்தியாசம் எங்கே பூஜ்யமாகிறது என்ற கேள்வியாக மாற்றிக்கொள்கிறோம்.

படம் வரைவது

ஏ, சி, டி நெடுவரிசைகளைக் கன்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடி தேர்ந்தெடுத்து, இன்சர்ட் போய் ஸ்கேட்டர் படத்தை எடுங்கள். லைன் படம் வேண்டாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், லைன் படம் ஏ நெடுவரிசையை வெறும் பெயர்ப்பட்டியலாக எடுத்துக்கொண்டு புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்துவிடும். கேட்டலாக் எண்கள் 1.3, 2.9, 3.4 என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் வளைவு மாறி, வெட்டும் இடமும் தப்பாகத் தெரியும்.

படத்தைப் பார்த்தால் 6-க்கும் 7-க்கும் நடுவில், 29 மீட்டர் உயரத்தில் வெட்டுவது தெரியும். இதை வைத்தே முடிவெடுத்துவிடாதீர்கள். படத்தின் வேலை வேறு: கோடுகள் வெட்டுகின்றனவா, ஒரு தடவையா இரண்டு தடவையா, ஏதாவது எண்ணைத் தப்பாகத் தட்டியதால் கோடு ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று காட்டுவது. அதனால் எந்தக் கணக்குக்கும் முன்னால் படத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

முதல் வழி: அட்டவணையிலேயே

எஃப்8-இல் இதைத் தட்டி எஃப்12 வரை இழுங்கள்:

=இஃப்(ஈ7*ஈ8<=0, ஏ7+(ஏ8-ஏ7)*ஈ7/(ஈ7-ஈ8), "")

அடுத்தடுத்த இரண்டு வித்தியாசங்களைப் பெருக்கினால் கழித்தல் எண் வருகிறது என்றால் நடுவில் குறி மாறியிருக்கிறது. அப்படியான வரிசையில் மட்டும் விடை எட்டிப்பார்க்கும், மற்றவை காலியாக இருக்கும். நமக்கு எஃப்11-இல் 6.47 வரும்.

இது இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்த கணக்கு. உண்மையான கோடு வளைந்தது, அதனால் இந்த விடை உண்மையைவிடக் கொஞ்சம் குறையும். கேட்டலாக்கில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் இதுவே போதும். நம் பம்புக்கே அரை லிட்டர் இடைவெளியில் புள்ளிகள் இருந்தால் இதே சூத்திரம் 6.52 சொல்லும்.

கேட்டலாக் புள்ளிகளை ஒரு சூத்திரமாக்குவது

கேட்டலாக்கில் ஆறேழு புள்ளிகள்தான் இருக்கும். நடுவில் உள்ளவற்றுக்கு ஒரு சமன்பாடு வேண்டும். படத்தில் பம்புக் கோட்டின்மேல் வலது சொடுக்கி டிரெண்ட்லைன் சேர்த்து, பாலினாமியல் இரண்டாம் படி என்று கொடுத்தால் சமன்பாட்டைப் படத்திலேயே எழுதிக் காட்டும். ஆனால் அதில் எண்களைச் சுருக்கித்தான் எழுதும். அதைப் பார்த்துத் தட்டினால் பிழை சேரும். புள்ளிகளுக்குப் பொருந்தும் சமன்பாட்டின் எண்களைக் கட்டங்களிலேயே தரும் லைன்எஸ்ட் நம்பகமானது. ஜி1-இல்:

=லைன்எஸ்ட்(சி7:சி12, ஏ7:பி12)

எல், ஐ, என் என்று தட்டும்போதே பட்டியலில் வந்துவிடும். வர்க்கத்துக்கு ஒரு நெடுவரிசை போட்டது இதற்காகத்தான். விடை ஜி1, எச்1, ஐ1 என்று மூன்று கட்டங்களில் பரவும்: முதலில் வர்க்கத்தின் கெழு, அடுத்து தண்ணீரின் கெழு, கடைசியில் மாறிலி. நாம் கொடுத்த வரிசைக்குத் தலைகீழாக வருவதால் பலர் இங்கே தடுமாறுவார்கள். நமக்கு −0.25, 0, 40. நடுவில் 0-க்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எண் வந்தால் அது கணினியின் கடைசித் தசமப் பிசிறு, விட்டுவிடுங்கள். பழைய எக்செல்லிலும் லிப்ரே ஆபீஸிலும் மூன்று கட்டங்களையும் முதலில் தேர்ந்தெடுத்து, சூத்திரத்தைத் தட்டிய பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

இந்தச் சமன்பாடு கேட்டலாக் எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். 10 லிட்டர் வரை எண் இருக்கும் பம்புக்கு 13 லிட்டரில் வெட்டுகிறது என்று விடை வந்தால் அதை நம்பாதீர்கள்.

இரண்டாவது வழி: கோல் சீக்

கோல் சீக் என்பது, நாம் சொல்லும் விடை வரும் வரை ஒரு கட்டத்தின் எண்ணைத் தானே மாற்றித் தேடும் வசதி. ஜி3-இல் ஒரு தோராய எண், படத்தில் பார்த்தபடி 6 என்று வைப்போம். ஜி4-இல் பம்பு ஹெட்:

=$ஜி$1*ஜி3^2+$எச்$1*ஜி3+$ஐ$1

ஜி5-இல் தோட்ட ஹெட். டி7-இல் எழுதிய அதே சூத்திரம், ஏ7 என்ற இடத்தில் ஜி3. ஜி6-இல் =(ஜி4-ஜி5)*1000.

இனி எக்செல்லில் டேட்டா, வாட்-இஃப் அனாலிசிஸ், கோல் சீக் என்று போங்கள். லிப்ரே ஆபீஸில் டூல்ஸுக்குக் கீழே இருக்கும். கூகுள் ஷீட்ஸில் துணைச் செயலியாகச் சேர்க்க வேண்டும். முதல் கட்டத்தில் ஜி6, இரண்டாவதில் 0, மாற்ற வேண்டிய கட்டம் ஜி3. ஓகே கொடுத்தால் ஜி3 6.52 ஆகும், ஜி4-உம் ஜி5-உம் 29.37-இல் சமமாக நிற்கும்.

அந்த 1000 எதற்கு? எக்செல் கோல் சீக் இலக்குக்கு 0.001 அளவுக்கு நெருங்கியதும் போதும் என்று நின்றுவிடும். பம்புக்கு அது பரவாயில்லை. சின்னச் சின்ன எண்கள் வரும் கணக்கில் விடை அரைகுறையாக நின்றுபோகும். வித்தியாசத்தை 1000-ஆல் பெருக்கிக் கொடுத்தால் அது இன்னும் உன்னிப்பாகத் தேடியாக வேண்டும். அதேபோல் தொடக்க எண்ணை 0-க்கு ரொம்பப் பக்கத்தில் வைக்காதீர்கள். தேடும்போது கழித்தல் எண்ணுக்குள் போய்விட்டால் 1.852 அடுக்கு கணக்கிட முடியாமல் பிழை காட்டும்.

மூன்றாவது வழி: தானாக மாறும் விடை

கோல் சீக்கின் பெரிய குறை, உள்ளீட்டை மாற்றினால் விடை மாறாது. நிலையான ஹெட் 22-ஐ 25 ஆக்கினால் ஜி3 பழைய 6.52-ஐயே காட்டிக்கொண்டிருக்கும்; மறுபடி ஓட்ட மறந்தால் தப்பான எண்ணை நம்பிப் பம்பு வாங்கிவிடுவோம். அதனால் நான் கடைசியில் எப்போதும் வருவது பாதியாக்கும் முறைக்குத்தான். கொஞ்சம் கூடுதல் வரிசைகள், ஆனால் ஒரு தடவை போட்டுவிட்டால் எந்த எண்ணை மாற்றினாலும் விடை உடனே மாறும்.

கே7-இல் 0, எல்7-இல் 10: விடை இருக்கக்கூடிய கீழ் எல்லையும் மேல் எல்லையும். எம்7-இல் =(கே7+எல்7)/2. என்7-இல் அந்த நடுப்புள்ளியின் வித்தியாசம்:

=$ஜி$1*எம்7^2+$எச்$1*எம்7+$ஐ$1-($பி$1+10.67*$பி$2*(எம்7/1000)^1.852/($பி$3^1.852*$பி$4^4.87))

கே8-இல் =இஃப்(என்7>0, எம்7, கே7), எல்8-இல் =இஃப்(என்7>0, எல்7, எம்7). எம், என் இரண்டையும் ஒரு வரிசை கீழே இழுத்து, அப்புறம் 8-ஆம் வரிசை முழுவதையும் 27 வரை இழுங்கள்.

நடப்பதைப் பாருங்கள். நடுவில் 5 லிட்டர், வித்தியாசம் 7.24, கூட்டல். அதாவது பம்புக்கு இன்னும் தெம்பு மிச்சம் இருக்கிறது, விடை 5-க்கு வலப்பக்கம். கீழ் எல்லை 5 ஆகிறது. அடுத்த நடு 7.5, வித்தியாசம் −5.61, பம்பால் முடியவில்லை, மேல் எல்லை 7.5 ஆகிறது. அடுத்தது 6.25, மறுபடி கூட்டல். ஒவ்வொரு வரிசையிலும் இடைவெளி பாதியாகிக்கொண்டே போய், எம்27-க்கு வரும்போது அகலம் 0.00001 அளவுக்குச் சுருங்கிவிடும். அங்கே 6.521 நிற்கும்.

வெட்டாத கோடுகளும் இரண்டு தடவை வெட்டுபவையும்

நிலையான ஹெட்டை 41 என்று போட்டுப் பாருங்கள். பம்பின் உச்ச ஹெட்டே 40. கோடுகள் சந்திக்கவே சந்திக்காது. மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. ஆனால் எம்27 பிழை எதுவும் காட்டாமல் 0-ஐ ஒட்டிய ஒரு எண்ணைச் சொல்லும். விடை 0-ஐயோ 10-ஐயோ ஒட்டி நின்றால் அது விடையே அல்ல, எல்லைக்குள் வெட்டு இல்லை என்று அர்த்தம். எம்28-இல் ஒரு காவல் போட்டுவிடலாம்:

=இஃப்(அண்ட்(எம்27>0.01, எம்27<9.99), எம்27, "வெட்டவில்லை")

சில பம்புகளின் கோடு தொடக்கத்தில் கொஞ்சம் ஏறி அப்புறம் இறங்கும். தோட்டக் கோடு அந்த மேட்டுக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு இடத்தில் வெட்டலாம். எஃப் நெடுவரிசையில் இரண்டு விடைகள் தெரியும்; பம்பு நிலையாக நிற்பது வலப்பக்கத்தில் இருப்பதில். இரண்டு கோடுகள் வெட்டாமல் தொட்டுவிட்டு மட்டும் போகும் நிலையும் உண்டு. அப்போது குறி மாறாது, பாதியாக்கும் முறையும் எஃப் நெடுவரிசையும் கண்டுபிடிக்காது, படத்தில்தான் தெரியும்.

எண்களை மாற்றிப் பார்ப்பது

இப்போது தாள் உண்மையிலேயே பயன்படத் தொடங்குகிறது. 150 மீட்டரையும் 90 மி.மீ. பைப்பாக மாற்றினால் என்ன ஆகும்? பி4-இல் உள்விட்டம் 0.082 என்று வையுங்கள். விடை 6.52-லிருந்து 7.52-க்குப் போகிறது. அதே பம்பு, நொடிக்கு ஒரு லிட்டர் கூடுதல், மணிக்கு 3600 லிட்டர். பெரிய எச்.பி.க்குப் போகும் முன் இந்த ஒரு கட்டத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லி எல்லோரிடமும் கெஞ்சுவேன்.

சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் 6 மீட்டர் இறங்கி நிலையான ஹெட் 28 ஆனால் (பைப் பழைய 68 மி.மீ. தான்) 5.29 லிட்டர். தொட்டிக்குப் பதில் நேராகச் சொட்டுநீருக்குக் கொடுத்து, பழைய 22-உடன் 10 மீட்டர் கூட்டினால் 4.29.

ஐப்பசி மழையில் கிணறு நிரம்பும்போது நடப்பதைப் பலர் யோசிப்பதில்லை. நிலையான ஹெட் 10-க்கு இறங்கினால் தண்ணீர் 8.49 லிட்டராக ஏறி, ஹெட் 22 மீட்டருக்கு வந்துவிடும். பம்பின் பெயர்ப்பலகையில் ஹெட் ரேஞ்ச் 24 முதல் 36 மீட்டர் என்று இருந்தால் நாம் அதற்கு வெளியே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த மாதிரிப் பம்புகளில் தண்ணீர் கூடக் கூட மோட்டார் இழுக்கும் ஆம்ஸும் ஏறும். கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கும் காலத்தில் மோட்டார் காயில் எரிந்து போவதற்கு இது ஒரு காரணம். கேட் வால்வைக் கொஞ்சம் மூடி வைத்தால் உராய்வு கூடி, வெட்டும் புள்ளி இடப்பக்கம் நகர்ந்து ரேஞ்சுக்குள் வந்துவிடும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் குளம் நிரம்பி, சுற்றுக் கிணறுகளில் மட்டம் ஏறும் ஊர்களில் பழைய பம்பையே ஓட்டுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

இதே தாளை வேறு எந்த இரண்டு கோடுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். திருப்பூரில் எத்தனை பீஸ் ஓடினால் புது மெஷின் போட்ட செலவு தீரும் என்பதும், செலவுக் கோடும் வரவுக் கோடும் வெட்டும் புள்ளிதான். சி, டி இரண்டு நெடுவரிசைகளையும், ஜி5-இலும் என் நெடுவரிசையிலும் உள்ள தோட்டச் சூத்திரத்தையும், எல்லை எண்களையும் மாற்றினால் மற்றதெல்லாம் அப்படியே.

தோட்டத்தில் சரிபார்ப்பது

200 லிட்டர் டிரம் ஒன்றைத் தொட்டி வாய்க்குக் கீழே வையுங்கள், தண்ணீர் விழும் வாயின் உயரம் மாறக் கூடாது. மோட்டாரைப் போட்டு, நீர்மட்டம் இறங்கி நிலைக்கும் வரை விட்டு, அப்புறம் டிரம் நிரம்பும் நேரத்தை செல்போனில் பிடியுங்கள். தாள் 6.52 என்கிறது, அப்படியானால் 31 நொடி பக்கம் ஆக வேண்டும். 36 நொடி ஆனால் வருவது 5.6 லிட்டர்தான். முதலில் பைப் பெண்டுகளையும் (வளைவுகள்) ஃபுட் வால்வையும் (உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் வால்வு) பாருங்கள், அவற்றின் இழப்பை நாம் 150 மீட்டரில் சேர்க்கவே இல்லை. பி2-இல் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி விடை 5.6-க்கு வரும் வரை போங்கள். பெண்டுகளுக்குத் தகுந்த பத்துப் பதினைந்து மீட்டரில் அது நின்றால் சரி. நூறு மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டியிருந்தால் ஃபுட் வால்வில் அடைப்பு, பைப்புக்குள் உப்புப் படிவு, தேய்ந்த இம்பெல்லர், வோல்டேஜ் குறைவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.